தீர்மானப் புத்தகம்

இராமநாதபுரம் மாவட்டத்தில் 429 ஊராட்சிகள் உள்ளன. அவை 11 ஊராட்சி ஒன்றியங்களில் அடங்கும். மாவட்டத்தின் கடற்கரை ஏறத்தாழ 237 கிலோமீட்டர் நீளம். தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். வடக்கே தொண்டிப் பக்கம் தொடங்கி, பாம்பனில் கடலுக்குள் நீண்டு, தெற்கே நரிப்பையூர்ப் பக்கம் முடியும் இந்தக் கரையில் ஊராட்சி என்றால் மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவை மூன்று: குடிதண்ணீர், தெருவிளக்கு, மயானப் பாதை. இராமேசுவரம் தீவில் இராமேசுவரம் நகராட்சி. அதே தீவின் பாம்பனும் தங்கச்சிமடமும் மண்டபம் ஒன்றியத்தைச் சேர்ந்த கிராம ஊராட்சிகள். மண்டபம் ஊரோ பேரூராட்சி. அந்தப் பெயரைத் தாங்கிய ஒன்றிய அலுவலகம் இருப்பது உச்சிப்புளியில். ‘யூனியன் ஆபீசுக்குப் போய்ட்டு வாரேன்’ என்றால் இந்தப் பக்கத்தில் உச்சிப்புளிக்குப் போவதாக அர்த்தம்.

கிராம ஊராட்சிக்கு நிகரான இங்கிலாந்து அமைப்பை அங்கே ‘பாரிஷ் கவுன்சில்’ என்கிறார்கள். பாரிஷ் என்பது தேவாலயப் பங்கு. சாலை பார்ப்பதும் ஏழைகளுக்குப் படியளப்பதும் அங்கே பல நூற்றாண்டுகள் பங்குக் கோவிலின் கூட்டத்தில் முடிவான காரியங்கள். 1894ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்ப்புறங்களில் கோவில் காரியத்தையும் ஊர்க் காரியத்தையும் பிரித்து, ஊர்க் காரியத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்திடம் கொடுத்தது. பெயர் மட்டும் பழையபடி நின்றுவிட்டது.

இராமநாதபுரக் கடற்கரையில் ‘பங்கு’ என்ற சொல் இன்றும் தேவாலயத்துக்கே உரியது. பங்குப் பேரவை கூடுவது கோவில் திருவிழாவுக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும். முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் ஊர்களில் ஜமாஅத் உண்டு. மீனவக் குப்பங்களில் ஊர்க்கூட்டம் உண்டு. வலைத் தகராறும் குடும்பத் தகராறும் அங்கேயே தீர்ந்துவிடும். இவற்றில் எதற்கும் அரசு முத்திரை கிடையாது, ஆனால் ஊருக்குள் செல்வாக்கு அதிகம். ஊராட்சி மன்றம் வந்து சேர்ந்தது இத்தனைக்கும் நடுவில். கிராம சபையை மத வழிபாட்டு வளாகம் எதிலும் நடத்தக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் அறிவிப்பில் அச்சிடுவதன் பொருள் இங்கே எளிதில் விளங்கும். பள்ளிக்கூட மைதானம், நூலகத் திண்ணை, சமுதாயக் கூடம், வேப்பமரத்தடி என்று எல்லோரும் கால் வைக்கக்கூடிய இடமாகப் பார்க்க வேண்டும்.

சென்னை மாகாணத்தில் ஊராட்சிகளின் சட்ட வரலாறு, ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானத்தையும் அதைத் தொடர்ந்த 1884ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தையும் கொண்டு தொடங்குகிறது. சுதந்திரத்துக்குப் பின் இரண்டு சட்டங்கள் முக்கியமானவை. முதலாவது 1950ஆம் ஆண்டின் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம். அப்போது முதலமைச்சர் பி.எஸ். குமாரசாமி ராஜா, இராஜபாளையத்துக்காரர். இரண்டாவது 1958ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டம். அப்போது முதலமைச்சர் காமராசர், விருதுநகர்க்காரர். இரண்டு ஊர்களும் அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தவை. 1910இல் உருவான அந்தப் பெரிய மாவட்டம் 1985இல்தான் மூன்றாகப் பிரிந்தது. பழைய மாவட்டக் கழகங்களை எடுத்துவிட்டு, கிராமத்துக்கு மேலே பஞ்சாயத்து யூனியன் என்ற அமைப்பைக் கொண்டுவந்தது 1958ஆம் ஆண்டுச் சட்டம். யூனியன் ஆபீஸ், சேர்மன், பி.டி.ஓ. ஆகிய சொற்கள் ஊர்ப்பேச்சில் புகுந்தது அதற்குப் பிறகுதான்.

சட்டம் இருந்தாலும் தேர்தல் ஒழுங்காக நடக்கவில்லை. 1970க்குப் பிறகு அடுத்த தேர்தல் 1986இல்தான் வந்தது. அந்த மன்றங்களின் காலம் முடிந்தபின் 1996 வரை அரசு நியமித்த தனி அலுவலர்களே பொறுப்பில் இருந்தார்கள்.

அந்தக் காலத்து ஊராட்சியில் நிரந்தரமாக இருந்தவர் எழுத்தர். பகுதிநேர வேலை, சொற்பச் சம்பளம். பின்னாளில் அந்தப் பதவிக்கு ஊராட்சி செயலர் என்று பெயர் வந்தது. தலைவர் மாறுவார், மன்றமே இல்லாமலும் போகும். பீரோச் சாவி எழுத்தரிடம் இருக்கும். இதை எழுதுபவரின் தகப்பனார் மன்னார் வளைகுடாவைப் பார்த்த ஒரு சிற்றூரில் அப்படி எழுத்தராக இருந்தவர். அவர் உச்சிப்புளிக்குச் சைக்கிளில் போகும்போது பின்சீட்டில் உட்கார்ந்து தீர்மானப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொள்வது, 1986இல் பன்னிரண்டு வயதுப் பையனாக இருந்த மகனின் வேலை.

புத்தகம் கனமானது. நீளவாட்டில் கோடு போட்ட தாள், முதுகில் சிவப்புத் துணி. ஒவ்வொரு பக்கத்துக்கும் கையால் எண் போட்டு, கடைசியில் மொத்தம் இத்தனை பக்கங்கள் என்று யூனியன் ஆபீசில் சான்று வாங்கியிருப்பார்கள். பக்கத்தைக் கிழிக்க முடியாது. நடுவில் புதிதாகச் செருகவும் முடியாது. அடித்து எழுதினால் அடித்த இடத்தில் சுருக்கொப்பம் வேண்டும். இடப்பக்கம் ‘பொருள்’, வலப்பக்கம் ‘தீர்மானம்’. ‘மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்பட்டது’ என்று இந்தப் பக்கம் முடிந்தால், ‘மன்றம் அங்கீகரித்துத் தீர்மானிக்கிறது’ என்று அந்தப் பக்கம் தொடங்கும். அடியில் உறுப்பினர்களின் கையெழுத்து. இரண்டொருவர் கைநாட்டு. கடலுக்குப் போய்விட்டவரின் இடம் காலியாக இருக்கும்; அவர் கரை திரும்பியதும் நிரம்பும். கூட்டத்துக்கு வராதவரின் கையெழுத்து அப்படி நிரம்பலாமா என்று பையன் கேட்டதற்குத் தகப்பனார் பதில் சொல்லவில்லை.

யூனியன் ஆபீஸ் வாசலில் பாம்பன்காரர்களும் காத்திருப்பார்கள். தீவுக்குச் சாலைப் பாலம் 1988இல்தான் திறந்தது. அதுவரை ஒரு தெருவிளக்குக்கு எஸ்டிமேட் போடச் சொல்லவும் 1914ஆம் ஆண்டின் ரயில் பாலத்தைக் கடந்துதான் வரவேண்டும். ரயில் நேரத்துக்கு வந்து ரயில் நேரத்துக்குத் திரும்ப வேண்டும். அதிகாரி மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தால் அன்றைய நாள் போனதுதான்.

நிலைமையை மாற்றியது அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம். அது 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கேற்பத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், தனி மாநிலத் தேர்தல் ஆணையம், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கேற்ற ஒதுக்கீடு, பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம், கிராம சபைக்குச் சட்டத் தகுதி ஆகியவை வந்தன. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்கள் ஒதுக்கீட்டைப் பாதியாக உயர்த்தியது.

புதிய சட்டத்தின் முதல் தேர்தல் 1996 அக்டோபரில் நடந்தது. கிராமத்து வாக்காளருக்கு நான்கு ஓட்டு: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். பின்னிரண்டுக்கும் கட்சிச் சின்னம் உண்டு. முன்னிரண்டுக்கும் கிடையாது, பொதுச் சின்னம்தான். பூட்டு சாவியும் ஆட்டோ ரிக்‌ஷாவும் தலைவர் ஆனது இப்படித்தான். சீட்டுகளுக்கு வெவ்வேறு நிறம், தலைவருக்கு இளஞ்சிவப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் நிறத்தைச் சொல்லியே ஓட்டுக் கேட்டார்கள். ‘ரோஸ் சீட்டுல நம்ம சாவிய மறந்துராதீக’ என்ற குரல் அந்த அக்டோபரின் நினைவாக நிற்கிறது.

மேலே சொன்ன சிற்றூரில் தலைவர் பதவி அந்த முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. வென்றவரின் கணவர் முதல் கூட்டத்தில் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தலைவர் பக்கத்து ஸ்டூலில். இந்தக் கோலம் தமிழ்நாடு முழுவதும் உண்டு. ஆனால் காசோலையில் கையெழுத்துப் போட வேண்டியவர் தலைவர், கூடவே துணைத்தலைவரும். இரண்டு கையெழுத்தும் இல்லாமல் ஊராட்சிப் பணம் நகராது. கையெழுத்துக் கேட்டு வந்தவர்களிடம் ‘எதுக்குன்னு சொல்லுங்க’ என்று அந்த அம்மா கேட்கத் தொடங்கிய பிறகு, கணவர் நாற்காலியை விட்டு எழுந்துகொள்ள ஒரு வருடம்கூட ஆகவில்லை.

ஒதுக்கீடு எல்லா இடத்திலும் இவ்வளவு சுலபமாக இறங்கிவிடவில்லை. மதுரை மாவட்டத்தின் மேலவளவில் ஒதுக்கீட்டின்படி தலைவரான தலித் ஒருவர் 1997 ஜூன் 30இல் மேலும் ஐவருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 2006 வரை தலித் தலைவர் பதவியில் நிலைக்க முடியவில்லை. ஊராட்சி நாற்காலியின் வரலாற்றில் இந்தப் பெயர்களைத் தவிர்க்க முடியாது.

கிராம சபை என்பது ஊராட்சியின் வாக்காளர் அனைவரும் சேர்ந்த அவை. முன்பு குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்தநாள் என ஆண்டுக்கு நான்கு கூட்டம். 2022 முதல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து ஆறு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். ஒரு வாரம் முன்பே அறிவிக்க வேண்டும். அறிவிப்பு நெடுங்காலம் தண்டோராவாகவே இருந்தது. தமுக்கடித்து ஒவ்வொரு சந்தியிலும் நின்று சொல்பவர், ஏறக்குறைய எப்போதும் சேரியிலிருந்து வந்தவர். 2022 ஆகஸ்டில் அரசு தண்டோராவுக்குத் தடை விதித்தது. இப்போது ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்கிறார்கள்.

சபையில் வாசிக்கப்படும் பொருள்களில் பெரும்பகுதி சென்னையிலிருந்து வரும் பொதுப்பட்டியல். டெங்கு தடுப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, மழைநீர் சேகரிப்பு, அரசுத் திட்டங்களின் பெயர்கள் என்று செயலர் வாசித்துக்கொண்டே போவார். கையெழுத்து நோட்டு அதற்குள் ஒரு சுற்று வந்துவிடும். பட்டியலின் கடைசி வரி ‘தலைவரின் அனுமதியோடு கொண்டுவரப்படும் இதரப் பொருள்கள்’. ஊர் காத்திருப்பது அந்த வரிக்கு.

2003 மே 1 கூட்டம் இதை எழுதுபவர் நேரில் இருந்த கூட்டம். தொடர்ந்து மழை பொய்த்த ஆண்டு. பள்ளி மைதானத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். இதரப் பொருள்கள் வந்ததும், தலைச்சுமையாக மீன் விற்கும் பெண் ஒருவர் எழுந்தார். கடற்கரைத் தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அவர் முந்திய இரண்டு கூட்டங்களிலும் சொல்லியிருந்தார். இரண்டு முறையும் ‘பார்ப்போம்’ என்ற பதில் கிடைத்தது. புத்தகத்தில் ஒன்றும் ஏறவில்லை. இந்த முறை அவர் தலைவரைப் பார்க்கவில்லை, எழுத்தரைப் பார்த்தார்.

“அண்ணே, நான் சொன்னதை எழுதுங்க. எழுதுனத வாசிச்சுக் காட்டுங்க.”

எழுத்தர் எழுதினார், வாசித்தார். ‘குடிநீர்ப் பற்றாக்குறை குறித்து விவாதிக்கப்பட்டது.’ எந்தத் தெரு, எத்தனை நாளாக, எத்தனை வீடு என்று அந்தப் பெண் கேட்டார். அதையும் எழுதினார். தீர்மான எண் என்ன என்று கேட்டார். பதினான்கு. அந்த எண்ணை அவர் உட்காரும்போது பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லி வைத்துக்கொண்டார். எழுத்தர் அன்று இரவு வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னது: “இனிமே இந்த ஊர்ல எழுதாமத் தப்பிக்க முடியாது.” அவர் அதைக் குறையாகச் சொன்னாரா பெருமையாகச் சொன்னாரா என்பது மகனுக்கு இன்றும் விளங்கவில்லை. எட்டு மாதங்களில் கடற்கரைத் தெருவுக்குத் தனிக் குழாய் வந்தது. இடையில் அந்தப் பெண் உச்சிப்புளிக்கு மூன்று முறை போய், ‘மே ஒண்ணாந்தேதி, பதினாலாம் தீர்மானம்’ என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

இந்தக் கரையில் தண்ணீர் ஏன் முதல் பொருளாகிறது என்பதற்கு மண்ணே காரணம். கடலோர மணலில் இறங்கும் மழைநீர், கீழே உள்ள உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும். கையளவு ஆழத்தில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றினால் நல்ல தண்ணீர். ஆழத் துளையிட்டு மோட்டார் வைத்து உறிஞ்சினால் சில நாளில் உப்பு ஏறிவிடும். பெண்கள் விடியுமுன் ஊற்றடிக்குப் போய்க் காத்துக் கிடந்ததும், குடங்களை அடுக்கி வைக்கும் நான்கு சக்கரத் தள்ளுவண்டி வீட்டுச் சாமான்களில் ஒன்றானதும் இதனால்தான். நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைந்தது. பின்னர் காவிரி நீரைத் திருச்சிப் பக்கத்திலிருந்து குழாயில் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2019இல் வீட்டுக்கு வீடு குழாய் என்ற ஜல் ஜீவன் திட்டம் தொடங்கியது. பெரிய குழாய் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. ஊருக்குள் மேல்நிலைத் தொட்டியும் தெருக்குழாயும் ஊராட்சியின் பொறுப்பு. எந்தத் தெருவுக்கு எந்த நேரம் வால்வு திறப்பது என்பது தொட்டி ஆபரேட்டரின் கையில். கிராம சபையில் அதிகம் திட்டு வாங்குபவரும் அவரே.

ஊராட்சியின் சொந்த வருமானம் வீட்டுவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம், கட்டட அனுமதிக் கட்டணம் போன்றவை. இந்த மாவட்டத்தில் சீமைக்கருவேல மர ஏலமும் கண்மாய் மீன்பாசிக் குத்தகையும் சேரும். மீதியெல்லாம் மாநில நிதிக்குழு, மத்திய நிதிக்குழு மானியங்கள். 15ஆவது நிதிக்குழு தன் மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டி வைத்தது. 2008இல் நாடு முழுவதும் பரவிய நூறுநாள் வேலைத் திட்டம் ஊரணிகளைத் தூர்வாரியது. அதன் சமூகத் தணிக்கை கிராம சபையில் நடந்ததால் பெண்கள் கூட்டத்துக்கு வரும் எண்ணிக்கையும் கூடியது. மேலிருந்து பிடியும் உண்டு. ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவு, உரிய விசாரணைக்குப் பின் தலைவரை நீக்கும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியருக்கு அளிக்கிறது. தேர்ந்தெடுப்பது ஊர்; நீக்குவது ஆட்சியர்.

கடற்கரை ஊராட்சிக்கு இன்னொரு குறை உண்டு. அதன் அதிகாரம் ஈரமணலோடு முடிந்துவிடும். ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத் தக்கவை என்று அரசியலமைப்பின் 11ஆவது அட்டவணை சொல்லும் 29 பொருள்களில் ஐந்தாவது மீன்வளம். நடப்பில் விசைப்படகு கடலுக்குப் போக டோக்கன் கொடுப்பது மீன்வளத் துறை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அவை வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருப்பவை. பாம்பன் சின்னப்பாலம் போன்ற குடியிருப்புகளில் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்களுக்கு அந்தத் தீவோரங்களில் கால் வைப்பதே வழக்காகிவிட்டது. இலங்கைப் பக்கம் கைதான மீனவரை மீட்பது இரண்டு நாடுகளின் பேச்சு. இருந்தும் சபை கூடினால் முதல் பேச்சு கடலைப் பற்றியே எழும். ‘இது நம்ம அதிகாரத்துல வராது’ என்று செயலர் சொல்வார். ‘வராட்டியும் எழுதி வைங்க’ என்று கூட்டம் சொல்லும்.

தேர்தல் தடைபடும் பழைய வழக்கம் திரும்ப வந்தது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மூன்றாண்டுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாட்களில் இராமநாதபுரம் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் வாக்குப்பதிவு நடந்தது. 2020 ஜனவரி 6இல் மன்றங்கள் பொறுப்பேற்றன. 2025 ஜனவரி 5இல் அவற்றின் காலம் முடிந்து, மீண்டும் தனி அலுவலர் வந்தார். காலம் முடியுமுன் அடுத்த தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 243-E பிரிவு.

மன்றம் இல்லாத காலத்திலும் கிராம சபை கலைவதில்லை. அதற்கு ஆயுட்காலம் கிடையாது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். தீர்மானப் புத்தகமும் ஊராட்சி அலுவலக பீரோவில் இருக்கும். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போட்டால் அதைப் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். அடுத்த கிராம சபைக்குப் போகிறவர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டாம். எழுதச் சொல்லுங்கள், எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள், தீர்மான எண்ணைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.